ரெண்டும் நான் சொன்னதுதான்

என் மகளுக்கு என் மேல் ஒரே ஒரு புகார்தான். நான் காலையில் ஒன்று பேசுகிறேன், மத்தியானம் அதற்கு நேர் எதிராக இன்னொன்று பேசுகிறேன் என்பாள். இதை வீட்டுக்குள் வைத்துச் சொன்னால் பரவாயில்லை. சொந்தபந்தம் வந்து உட்கார்ந்திருக்கும்போது, நான் எல்லாருக்கும் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, என் முகத்துக்கு நேராகவே சொல்வாள். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த தம்ளருக்குச் சர்க்கரை போட மறந்துவிடுவேன்.

அப்படி என்ன பேசிவிட்டேன்? "என் கண்ணு முன்னால நிக்காத, போயிரு" என்று சொல்லியிருக்கிறேன். அவள் உடனே எழுந்து போனால், "நான் இங்கன பேசிக்கிட்டிருக்கேன், நீ பாட்டுக்கு எங்கடி போற?" என்றும் கேட்டிருக்கிறேன். இதில் என்ன தப்பு? கோபத்தில் இருப்பவளுக்கு ஆள் எதிரே நின்றாலும் எரியும், எழுந்து போனாலும் எரியும். பிள்ளை பெற்ற எல்லாருக்கும் இது தெரியும். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? கேக்குறேன்ல, பதில் சொல்லு" என்பேன். பதில் சொன்னால், "எதுத்தா பேசுற?" என்பேன். எனக்குப் பிடித்த பதில் என்று ஒன்று உண்டு, அதைச் சொல்லியிருந்தால் நான் ஏன் கத்தப் போகிறேன்.

"படிக்கிற புள்ளைக்கு அடுப்படியில என்ன வேலை, போ அங்கிட்டு" என்று அவளை அடுப்புப் பக்கமே விடாமல் வளர்த்தது நான்தான். "இம்புட்டு வயசாச்சு, ஒரு ரசம் வைக்கத் துப்பில்ல" என்று திட்டியதும் நான்தான். கைபேசியை "அந்தச் சனியனத் தூக்கி எறி" என்பேன். நான் கூப்பிட்டு அவள் எடுக்கவில்லை என்றால், "பெறகு என்னத்துக்கு ஃபோன் வச்சிருக்க?" என்பேன். அவளுக்கு இதெல்லாம் பழகிப்போய், நான் வாயைத் திறந்ததுமே, "இப்பப் பேசுறது காலை அம்மாவா, சாயங்கால அம்மாவா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். அவளுடைய அய்யாவிடம் நியாயம் கேட்டால் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ரெண்டும் சரிதான்" என்று சொல்லிவிட்டு மிளகாய்க் கொல்லைக்குப் போய்விடுவார். அவர் என்னைக் கட்டிய நாளிலிருந்தே அப்படித்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை ஊரை வைத்துத்தான் வரும். அவள் எதையாவது செய்ய மாட்டேன் என்றால், "ஊர்ல எல்லாப் புள்ளைகளும் செய்யுதுக, உனக்கு மட்டும் என்ன கேடு?" என்பேன். அவள் எதையாவது செய்யவேண்டும் என்றால், "ஊர்ல எல்லாரும் செஞ்சா நீயும் செய்யணுமா? ஊரே கெணத்துல விழுந்தா நீயும் விழுவியா?" என்பேன். இந்த இரண்டும் ஒரே நாளில், ஒரே சாப்பாட்டு நேரத்தில் என் வாயிலிருந்து வந்திருக்கின்றன. நான் மறுக்கவே இல்லை. ஊர் என்பது சில நேரம் தேவைப்படும், சில நேரம் தேவைப்படாது. அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் ஊர் கமுதிக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. கரிசலும் கருவேலமும் மிளகாயும்தான். கடல் என்பது எங்களுக்குக் கும்பிடுவதற்கு மட்டும்தான். அமாவாசைக்கு ராமேஸ்வரம் போவோம், மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குவோம், ஈரச் சேலையோடு பஸ் ஏறித் திரும்பிவிடுவோம். அதற்குமேல் கடலோடு எங்களுக்குப் பேச்சு இல்லை. அப்படி ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனபோது இவள் முங்கி எழுந்து கரைக்கு வராமல், தண்ணீருக்குள்ளேயே குனிந்து எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டேன், கத்தினேன், வரவில்லை. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. பிறகு படித்ததெல்லாம் கடல், பேசியதெல்லாம் கடல். மிளகாய்க்காரன் மகளுக்கு மீன் குஞ்சும் கடல்பாசியும் எதற்கென்று எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். நானே கேட்டிருக்கிறேன். மற்றவர்கள் கேட்டால் மட்டும் சண்டைக்குப் போவேன்.

படிப்பை முடித்து வீட்டில் இருந்தாள். ஒரு பங்குனி மாதம், திங்கட்கிழமை, மிளகாய்ப் பழம் எடுத்துக்கொண்டிருந்தோம். வெயில் உச்சியில் நின்றது. அவளுடைய ஃபோன் அடித்தது. மிளகாய்க் கையை இடுப்புத் துண்டில் துடைத்துவிட்டுப் பேசினாள். பேசப் பேச அவள் முகம் மாறியது. வரப்பில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பிறகு ஃபோனைக் கீழே போட்டுவிட்டு, "அம்மா, கெடச்சிருச்சும்மா" என்று கத்திக்கொண்டே பாத்திக்கு நடுவில் ஓடி வந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவளை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டேன். மிளகாய்க் கை அவள் கழுத்தில் பட்டு எரிச்சல் தாங்காமல் குதித்தாள். நானும் சேர்ந்து குதித்தேன். "ஓடாதடி, செடி மிதிபடுது" என்றும் சொன்னேன் என்று பிறகு சொல்லிக் காட்டினாள். சொல்லியிருப்பேன். செடி மிதிபட்டது உண்மைதானே.

வேலை புதுமடம் பக்கத்தில். படகில் போய், கடலுக்குள் இறங்கி, அடியில் கடல்புல் எங்கெங்கே வளர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற வேலை. கடலுக்குள்ளும் புல் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் படகு கிளம்பும், அதற்குள் வந்து நிற்கவேண்டும், அன்றிலிருந்தே அங்கே கொடுக்கிற அறையில் தங்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்கு ஆள் இல்லை என்றால் வேலை அடுத்து இருக்கிற ஆளுக்கு. அந்த ஆள் கடலோரத்திலேயே இருக்கிற பையனாம், கூப்பிட்டால் கைலியோடு வந்து நிற்பானாம். இதை மகள் என்னிடம் மூன்று நான்கு தடவை சொன்னாள்.

இங்கேதான் ஊர் வந்து குறுக்கே நின்றது. மறுநாள் செவ்வாய் எங்கள் அம்மன் கோயிலில் காப்புக் கட்டு. அடுத்த செவ்வாய் பொங்கல், முளைப்பாரி. காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருக்கிறவர்கள் யாரும் பொங்கல் முடிகிறவரை வெளியூரில் இராத் தங்கக்கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது சாய எல்லைக்குள் வந்துவிடவேண்டும். மீறித் தங்கினால் அந்த வீட்டுக்காரர்களை ஊர்க்கூட்டத்தில் நிறுத்திக் கேட்பார்கள். ஆனால் காப்புக்கு முன்னாலேயே ஊரைவிட்டுப் போய்விட்டால் கட்டுப்பாடு கிடையாது.

அவள் உடனே சொன்னாள். "இன்னைக்கே கெளம்பிருறேன்மா. எல்லையத் தாண்டிட்டா ஒண்ணுமில்ல."

"வெள்ளிக்கெழமை வரைக்கும் எங்கடி தங்குவ? கடக்கரை மண்ணுலயா?"

"யாராவது கூடப் படிச்ச புள்ள வீட்டுல."

"அங்க இங்க தங்குறதெல்லாம் வேணாம். ஊரே காப்புக்கு வந்து நிக்குது, வெளியூர்ல வேலை பாக்குறவனெல்லாம் லீவு போட்டு வாரான், நீ எதுத்தாப்ல ஓடுறியா? உனக்கு மட்டும் என்ன கேடு?"

அவள் அய்யாவைப் பார்த்தாள். அவர் மிளகாய்ச் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. மறுநாள் சாயங்காலம் காப்புக் கட்டியாயிற்று. கொட்டுச் சத்தம் கேட்கக் கேட்க என் மகள் முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. தேவைப்பட்டால் அய்யாவிடம், "அம்மாகிட்டச் சொல்லுங்க" என்று சொல்வாள். அவர் அதையும் சொல்ல மாட்டார்.

நான் ஒன்றும் யோசிக்காமல் அவளைப் பிடித்து வைக்கவில்லை. என்னிடம் ஒரு வழி இருந்தது. கமுதிப் பக்கத்திலிருந்து ஒரு மீன்காரர் தினமும் விடிவதற்கு முன்னால் சின்ன லோடு வண்டியில் கடற்கரைக்குப் போவார். அங்கே மீன் எடுத்துவந்து எங்கள் சுற்று ஊர்களில் விற்பார். எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு வழியாகத்தான் போவார், கையைக் காட்டினால் ஏற்றிக்கொள்வார். அவசரமாக ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களெல்லாம் அவர் வண்டியில்தான் போவார்கள். முதல் பஸ் பிடித்தால் படகு போன பிறகுதான் போய்ச் சேர முடியும், மீன் வண்டியில் போனால் ஏழு மணிக்கு முன்னாலேயே கரையில் நிற்கலாம். நானும் கூடப் போவேன். தங்கமுடியாத காரணத்தை எடுத்துச் சொல்லிவிட்டுப் பொழுது சாயத் திரும்பிவிடலாம். புதன்கிழமை சாப்பாட்டில் இதைச் சொன்னேன். என் மகள் காப்புக் கட்டிய பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "நல்ல ஐடியாதான்மா" என்றாள். எனக்கு அப்படி ஒரு பெருமை. வியாழக்கிழமை முழுக்க நான் பாட்டுப் பாடிக்கொண்டே மிளகாய் காயப்போட்டேன்.

வெள்ளிக்கிழமை, கோழி கூவுவதற்கு முன்னால் இரண்டு பேரும் அவளுடைய ஸ்கூட்டரில் விலக்குக்குப் போனோம். ஸ்கூட்டரை டீக்கடையில் விட்டுவிட்டு மீன் வண்டியில் ஏறுவதாக ஏற்பாடு. டீக்கடைக்காரர் அப்போதுதான் அடுப்புப் பற்றவைத்தார். நின்றோம். ஒரு லாரி போனது. ஒரு வேன் போனது. எங்கோ ஒரு கோழி கூவியது. மீன் வண்டி வரவில்லை.

"யாருக்கு நிக்கிறீக?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"மீன் வண்டிக்கு."

அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏத்தா, காப்புக் கட்டியாச்சுல்ல. சுத்துப்பட்டுல எவன் வீட்டுல மீன் வாங்குவான்? அவுக செவ்வாக்கெழமையே வண்டிய நிறுத்திட்டாகளே."

மூன்று நாளாக என் வீட்டில் மீன் வாசனை இல்லை. மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துப் பரணில் போட்டதே நான்தான். முளைப்பாரி போட்ட வீட்டில் கவுச்சி கூடாது என்று அவளுடைய அய்யா தின்கிற முட்டையைக்கூட நிறுத்தியிருந்தேன். அப்படிப்பட்டவள் மீன் வண்டியை நம்பி மகளின் வேலையை வைத்திருக்கிறேன். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

என் மகள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், ஒரு வழியாகப் போயிருக்கும். அவள் மைல்கல்லில் உட்கார்ந்துகொண்டு கால் விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். அந்தக் கைலிப் பையன் என் கண் முன்னால் வந்து நின்றான். ஏழு மணிக்குச் சாவகாசமாக வந்து, என் மகளுடைய இடத்தில், என் மகளுடைய படகில் ஏறி உட்காருகிறான். எனக்கு ஆங்காரம் வந்தது.

"எந்திரிடி. வண்டிய எடு."

"எங்க?"

"புதுமடத்துக்குத்தான். எங்க கேக்குறா பாரு."

"கமுதியத் தாண்டி ஸ்கூட்டர ஓட்டக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன். இப்பயும் நான்தான் சொல்றேன். எடு."

டீக்கடைக்காரர் தன் வண்டியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து எனக்குக் கொடுத்தார். அது என் தலைக்குப் பெரிதாக இருந்தது, கண்ணை மறைத்தது. பின்னால் உட்கார்ந்து அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு நாங்கள் போன போக்கை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பரபரக்கிறது. முதுகுளத்தூர் வருவதற்குள் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு, நடுவில் எங்கள் ஸ்கூட்டர். காற்று சேலைத் தலைப்பைப் பிய்த்தெடுத்தது.

"மெதுவாப் போடி, ஆடு குறுக்க வரும்" என்று அவள் காதில் கத்தினேன். அவள் வேகத்தைக் குறைத்தாள். குறைத்ததும் எனக்குப் படகு ஞாபகம் வந்துவிட்டது. "என்னடி மாட்டு வண்டி மாதிரி உருட்டுற, வெரசா ஓட்டு" என்றேன்.

"ரெண்டுல ஒண்ணச் சொல்லும்மா."

"ரெண்டையும் செய்யி."

அவள் சிரித்துவிட்டாள். முதுகு குலுங்கியதில்தான் எனக்குத் தெரிந்தது. நான்கு நாள் கழித்து என் மகள் சிரிக்கிறாள். நானும் சிரித்தேன், ஹெல்மெட் அவள் ஹெல்மெட்டில் போய் இடித்தது. பெட்ரோல் போட்ட இடத்தில் வேலை பார்த்த பையன் எங்களை ஒரு மாதிரி பார்த்தான். "சீக்கிரம் போடுப்பா, கடலுக்குப் போகணும்" என்று நானே சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கெத்தாக இருந்தது. எங்கள் ஊரில் எவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள்?

ராமநாதபுரத்தைத் தாண்டி, உச்சிப்புளியில் திரும்பியதும் காற்றின் வாசனை மாறிவிட்டது. தென்னையும் மணலும் வந்தன. புதுமடம் கரையில் போய் ஸ்கூட்டரை நிறுத்தினபோது ஒரு ஃபைபர் படகைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கைபேசியைப் பார்த்தேன், ஏழு ஆகவில்லை. என்னால் நிற்க முடியவில்லை, கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் மகள் ஓடினாள்.

அங்கே பொறுப்பில் இருந்தது ஒரு பெண். என்னைவிட வயதில் சின்னவர், வெயிலில் கறுத்த முகம், பேண்டை முட்டிவரை மடித்துவிட்டிருந்தார். மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பை எங்க?" என்று கேட்டார்.

என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இன்னைல இருந்து ரூம்ல தங்கணும்னு சொல்லியிருந்தோமே. தூரத்துல இருந்து வாரவங்க ரெண்டு நாள் நேரத்துக்கு வருவாங்க, மூணாம் நாள் பஸ் கெடைக்கலன்னு நிப்பாங்க. நாங்க படகை வச்சுக்கிட்டு எத்தனை பேருக்குக் காத்துக் கெடக்குறது? தங்க முடியலன்னா இப்பவே சொல்லிருங்க. அடுத்த ஆளுக்கு ஃபோன் போடணும்."

மரத்த கால் எனக்கு எப்படி எழுந்ததோ தெரியவில்லை. ஹெல்மெட்டோடு போய் நடுவில் நின்றேன். நான் எடுத்துச் சொல்ல வந்த காரணமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"தங்கும் மேடம். இன்னைல இருந்தே தங்கும். பை சாயங்காலம் வந்துரும், அவுக அய்யா கொண்டாருவாக."

"அம்மா" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. தங்குவா மேடம். ஊர்ல ஒரு காப்பு இருக்கு, அதப் பாத்துக்கிட்டு நிக்கிறா. ஊர்ல ஆயிரம் சொல்வாக. அதையெல்லாம் பாத்தா பொழைக்க முடியுமா?"

"இல்ல மேடம், தங்க முடியாது" என்றாள் என் மகள். தெளிவாகச் சொன்னாள். "ஊர்ல காப்புக் கட்டியிருக்கு. செவ்வாக்கெழமை வரைக்கும் ராத்திரி ஊர்ல இருக்கணும். அதுக்கப்புறம் தங்கிக்கிருவேன். அதுவரைக்கும் தெனமும் இதே நேரத்துக்கு வந்து நிப்பேன்."

"ஏடி, ஊரே செஞ்சா நீயும் செய்யணுமா?" என்று கத்தினேன். கரையே திரும்பிப் பார்த்தது.

"ஊரே செய்யும்போது எனக்கு மட்டும் என்னம்மா கேடு?"

அவள் என்னைக் கேலி செய்யவில்லை. முகத்தில் சிரிப்பே இல்லை. நான் திங்கட்கிழமை சொன்ன பேச்சு அவள் வாயில், அவள் பக்கத்துப் பேச்சு என் வாயில். அந்த மேடம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க" என்றார்.

நான் அவளைக் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி இழுத்துக்கொண்டு போனேன். "புத்தி கெட்டவளே, இதுக்காடி இம்புட்டுத் தூரம் வந்தோம்? தங்குறேன்னு சொல்லு. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"சாமி கோவிச்சுக்காதும்மா. எனக்குத் தெரியும்" என்றாள். "நான் இங்கன தங்கிட்டா ஊர்க்கூட்டத்துல நிப்பாட்டிக் கேக்கப்போறது என்னையவா? நான்தான் இங்கன இருப்பேனே. உன்னைத்தான் கேப்பாக. அய்யா பேச மாட்டாக. நீ தனியா எந்திரிச்சு நின்னு எல்லாருக்கும் பதில் சொல்லணும். நீ அங்கன தல குனிஞ்சு நிக்கிறத நெனச்சுக்கிட்டு நான் இங்கன புல்லப் பாத்துக்கிட்டு இருக்கணுமா? வேலை போனாப் போகுது."

இந்த வேலைக்காக என்னோடு பேச்சையே நிறுத்திய பிள்ளை. கடல், கடல் என்று உயிரை விட்ட பிள்ளை. அதைத் தூக்கி என் காலடியில் போட்டுவிட்டு நிற்கிறது. எனக்கு அவளை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஹெல்மெட்டைக் கழற்றினேன். தலைமுடி எல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது.

அந்த மேடம் எங்களிடம் நடந்து வந்தார். "எந்த ஊரு சொன்னீங்க?"

"கமுதிக்கு அங்கிட்டு."

"அங்கன இருந்து இந்த ஸ்கூட்டர்லயா வந்தீங்க? எப்பக் கெளம்புனீங்க?"

மகள் சொன்னாள். அவர் ஸ்கூட்டரைப் பார்த்தார். சக்கரமெல்லாம் செம்மண்ணும் கரிசலுமாக இருந்தது. என்னைப் பார்த்தார். நான் என்ன கோலத்தில் இருந்தேனோ, அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்த மாதிரி இருந்தது.

"எனக்கு நீங்க எங்கன படுக்குறீங்கன்னு கவலை இல்ல. ஏழு மணிக்கு இங்கன நிக்கணும், அம்புட்டுத்தான். செவ்வாக்கெழமை வரைக்கும் ஒரு நாள் பிந்துனாலும் நான் அடுத்த ஆளக் கூப்பிட்டுருவேன். சம்மதமா?"

"சம்மதம் மேடம்" என்றேன் நான். அவர் கேட்டது என்னை இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"சரி, ஏறும்மா. தண்ணியில எறங்கத் தெரியுமான்னு பாத்துருவோம்."

என் மகள் துப்பட்டாவையும் செருப்பையும் ஃபோனையும் என் கையில் திணித்தாள். ஏற்கெனவே ஹெல்மெட் வேறு இருந்தது. படகை விளிம்பில் பிடித்து ஏறப் பார்த்து, ஒரு தடவை சறுக்கி, இடுப்பளவு நனைந்து, மறுபடி தாவி ஏறினாள். இன்ஜின் சத்தம் கேட்டது. நான் மணலில் படகோடு சேர்ந்து ஓடினேன், தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும்தான் நின்றேன். மூக்கைப் பிடிக்கவும் கை இல்லை, கும்பிடவும் கை இல்லை.

படகு கொஞ்ச தூரம் போய் நின்றது. முகக் கண்ணாடி மாதிரி ஒன்றை அவளுக்கு மாட்டிவிட்டார்கள். விளிம்பில் உட்கார்ந்தாள். அடுத்த நொடி அவளைக் காணவில்லை. நீலமாகத் தண்ணீர், அதன்மேல் வெயில், வேறொன்றும் இல்லை. எங்கள் வம்சத்தில் யாரும் போகாத இடத்துக்கு என் பிள்ளை போயிருக்கிறது, நான் கையில் செருப்பை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு படகுக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழும்பியது. கை உயர்ந்தது. கையில் பச்சையாக, நீளமாக ஏதோ நாலு இழை. அந்த மேடம் படகிலிருந்து கரையைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

பக்கத்தில் வலையிலிருந்து நண்டை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்கள் சண்டையை முழுக்கக் கேட்டிருப்பார் போல. முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, "உங்க மவளா?" என்றார்.

"ஆமா, எம்மகதான்."

"நல்ல புள்ளயா வளத்திருக்கீக. தாய் சொல்லத் தட்டாது போல."

"யாரு, இவளா?" என்றேன். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் எனக்குக் கை இல்லை. "நான் சொன்னது ஒண்ணையும் கேக்க மாட்டா."